கஞ்சிக்குள் நெரிசல்

நோன்பு மாதத்தில் அஸர் தொழுகை முடிந்த கையோடு கிழக்கிலங்கையின் சம்மாந்துறைப் பள்ளிவாசல்களில் கஞ்சி பகிரத் தொடங்கிவிடுவார்கள். வாளியும் தூக்குச்சட்டியுமாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் அகப்பையிலிருந்து விழும் கஞ்சி, தேங்காய்ப்பாலும் ரம்பையும் உள்ளியும் மணக்கத் தளதளவென்று ஓடும். மஹ்ரிப் பாங்கு கேட்டு, பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, கோப்பையைக் கையில் எடுக்கும்போது அதே கஞ்சி இறுகி, மேலே ஆடை கட்டியிருக்கும். பாத்திரம் மூடித்தான் இருந்தது. தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. ஆனாலும் இறுகிவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். வாயில் வைத்த கரண்டியை மீண்டும் சட்டிக்குள் விட்டால், மிஞ்சிய கஞ்சி கொஞ்ச நேரத்தில் நீர்த்துப் போகும். "எச்சில் கரண்டியச் சட்டிக்குள்ள போடாத மகன், கஞ்சி தண்ணியாப் போயிரும்" என்று மூத்தம்மாமார் அதட்டுவது சுத்தத்துக்காக மட்டுமல்ல. அவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள்.

எதையும் சேர்க்காமலே இறுகுகிற கஞ்சி, ஒரு துளி எச்சிலுக்கு இளகிவிடுகிறது. இரண்டையும் விளங்கிக்கொள்ள அரிசிக்குள் என்ன பொருள் இருக்கிறது என்று தெரிந்தால் போதாது. அந்தப் பொருளின் மூலக்கூறு எவ்வளவு நீளம், அதைச் சுற்றி எவ்வளவு நெரிசல் என்பதும் தெரியவேண்டும்.

ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி குளுக்கோசைக் கரையுங்கள். இனிக்கும், ஆனால் தண்ணீராகவே ஓடும். அதே அளவு அரிசிமாவைத் தண்ணீரில் காய்ச்சினால் தடித்துக் களியாகும். அரிசிமாவில் பெரும்பங்கு மாப்பொருள். மாப்பொருளை முழுதாக உடைத்தால் மிஞ்சுவது அதே குளுக்கோசுதான். குளுக்கோசுகள் தனித்தனியே இருக்கும்வரை தண்ணீர். ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியானால் களி. அரிசியில் இந்தச் சங்கிலி இரண்டு வகையாக இருக்கிறது. அமைலோசு என்பது சில நூறு முதல் சில ஆயிரம் குளுக்கோசுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் கோத்தது. அமைலோபெக்டின் என்பது இலட்சக்கணக்கான குளுக்கோசுகள் குட்டைக் குட்டைக் கிளைகளாகப் பிரிந்து பிரிந்து வளர்ந்த பெரிய பொதி. இப்படிச் சின்னச் சின்ன அலகுகள் கோத்து உண்டாகும் நீள மூலக்கூறுகளை நம் பாடநூல்கள் பல்பகுதியம் என்கின்றன. தமிழ்நாட்டில் பலபடி என்பார்கள். இறப்பர், நைலோன் வலை, பொலித்தீன் பை, டி.என்.ஏ., முட்டை வெள்ளைக்கருவின் புரதம் எல்லாமே இந்தச் சாதிதான்.

இப்படியொரு நீள மூலக்கூறு இருக்க முடியும் என்பதையே நூறு ஆண்டுகளுக்கு முன் வேதியியலாளர் பலர் நம்பவில்லை. சின்ன மூலக்கூறுகள் ஏதோ ஒரு வகையில் கூடி நிற்கின்றன என்றுதான் எண்ணினார்கள். 1920இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டவுடிங்கர் இவை உண்மையான, அறுபடாத சங்கிலிகள் என்று எழுதியபோது அவருக்குக் கிடைத்தது ஏளனம். நோபல் பரிசு வந்து சேர 1953 ஆகிவிட்டது. சங்கிலி நீள நீளக் கரைசல் தடிக்கிறது என்று அவர் அளந்து காட்டியதுதான் அவருடைய முக்கியமான ஆயுதங்களில் ஒன்று. நம் கஞ்சிக் கேள்வியும் அங்கேதான் தொடங்குகிறது.

நிறையத் தண்ணீரில் ஓர் அமைலோசுச் சங்கிலி மட்டும் மிதப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் குளுக்கோசு கோத்த அந்தச் சங்கிலியை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய அரை மைக்குரோமீற்றர் நீளம். ஆனால் அது நீட்டி நிற்பதில்லை. நாலாபுறமும் தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் வந்து இடிக்கின்றன. அந்த இடியில் வளைந்தும் மடங்கியும், கணத்துக்குக் கணம் வடிவம் மாறும் தளர்ந்த சுருளாக அது கிடக்கிறது. சுருள் பிடித்திருக்கும் இடத்தை அளந்தால், அதில் சுமார் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர். சங்கிலி ஒரே ஒரு பங்குதான். நூறு கிராம் கஞ்சியில் ஒரு கிராம் அமைலோசு கரைந்திருந்தாலே சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும் என்பது இதன் பொருள். அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு சங்கிலியும் ஏற்கெனவே இன்னொன்று இருக்கும் இடத்துக்குள்தான் நுழையவேண்டும். நெரிசல் அங்கே ஆரம்பிக்கிறது.

நெரிசலில் உள்ள சட்டம் ஒன்றே ஒன்று: ஒரு சங்கிலி இன்னொன்றை ஊடறுத்துப் போக முடியாது. இந்தச் சட்டத்துக்கு உட்பட்டு ஒரு நீளச் சங்கிலி எப்படி இடம்பெயரும்?

கதிர் முற்றிய வட்டைக்குள் எலி தேடிப் போகும் சாரைப் பாம்பை நினைத்துக்கொள்ளுங்கள். நெருங்கி நிற்கும் நெற்தூர்களுக்கு நடுவே அதன் உடம்பு பக்கவாட்டில் நகர முடியாது. தலை போன வழியில்தான் நடு உடம்பும் போகும், நடு உடம்பு போன வழியில்தான் வாலும் போகும். நெரிசலில் சிக்கிய சங்கிலியும் அப்படித்தான். சுற்றியுள்ள சங்கிலிகள் அதைச் சூழ்ந்து ஒரு குழாய்போல் அடைத்து நிற்கின்றன. அது அந்தக் குழாயின் நீளவாக்கில் மட்டும் ஊரலாம். ஒரு வேறுபாடு உண்டு. பாம்புக்குப் போகவேண்டிய இடம் தெரியும். சங்கிலிக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை, இலக்கும் இல்லை. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று தடுமாறித் தடுமாறித்தான் பழைய குழாயை விட்டு முழுதாக வெளியே வரும். குழாய் என்ற எண்ணத்தை 1967இல் இயற்பியலாளர் சாம் எட்வர்ட்ஸ் முன்வைத்தார். அதற்குள் சங்கிலி ஊர்கிறது என்று 1971இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் பிரான்சின் பியர் ஜில் டி ஜென். 1991இல் இயற்பியல் நோபல் பெற்றவர் இவர்.

கணக்கை விட்டுவிட்டு அதன் முடிவை மட்டும் பார்ப்போம். சங்கிலியின் நீளம் இரட்டித்தால், அது பழைய குழாயிலிருந்து விடுபட எடுக்கும் நேரம் எட்டு மடங்காகும். நேரம் கூடினால் பிசுக்குமை, அதாவது ஓடுவதற்குக் காட்டும் தயக்கம், அதே அளவில் கூடும். ஆய்வுகூடத்தில் அளந்தபோது வந்தது எட்டு மடங்கு அல்ல. பத்து மடங்குக்குச் சற்று மேல். இந்தச் சின்ன இடைவெளி பல ஆண்டு விவாதத்துக்குத் தீனி போட்டது. சங்கிலியின் இரு நுனிகளும் குழாய்க்குள் அடிக்கடி உள்வாங்கி வெளிவருவதையும், குழாயாக நிற்கும் அயல் சங்கிலிகளும் தாமே ஊர்ந்து விலகுவதையும் கணக்கில் சேர்த்த பிறகுதான் இரண்டும் ஏறக்குறையப் பொருந்தின.

இப்போது எச்சிலுக்கு வருவோம். நம் உமிழ்நீரில் அமைலேசு என்ற நொதியம் இருக்கிறது. எச்சில் மாப்பொருளைச் சீனியாக்குகிறது என்று ஜெர்மனியின் லொய்க்ஸ் 1831இலேயே கண்டுவிட்டார். இந்த நொதியம் சங்கிலியை நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டு வருவதில்லை. நடுவில் கண்ட இடத்தில் வெட்டுகிறது. ஆயிரம் குளுக்கோசுச் சங்கிலியில் நடுவே ஒரு வெட்டு விழுந்தால் ஐந்நூறாக இரண்டு துண்டு. ஆயிரத்தில் ஒரே ஒரு பிணைப்புத்தான் போயிருக்கிறது. ஆனால் நெரிசலில் அந்தத் துண்டுகள் விடுபடும் நேரம் பத்தில் ஒன்றாக இறங்கிவிடும். ஒவ்வொரு துண்டிலும் இன்னொரு வெட்டு, இன்னொரு பத்திலொன்று. இன்னும் குட்டையானால் சிக்கலே விழாது, தண்ணீராக ஓடும். உண்மையான கஞ்சியில் குழைந்த பருக்கைகளும் தேங்காய்ப்பாலும் கலந்திருப்பதால் இந்த எண்கள் அச்சுப்பிசகாமல் பொருந்தா. போக்கு இதுதான்.

இதற்குச் சான்று வேண்டுமா? பாமசியில் விற்கும் அயடீன் கரைசல் போதும். மாப்பொருளில் அயடீன் விட்டால் கருநீலமாகும் என்பது சாதாரண தரத்துப் பாடம். அமைலோசு சுருளிப்படியாகத் திருகி நிற்க, அதன் உட்குழிக்குள் அயடீன் வரிசையாகப் போய் உட்காருவதால் வரும் நிறம் அது. கொஞ்சம் ஆறிய மெல்லிய கஞ்சியில் எச்சிலைக் கலந்து, நீர்க்கத் தொடங்கியவுடனே ஒரு துளி எடுத்து அயடீன் விட்டுப் பாருங்கள். இன்னமும் நீலம் காட்டும். கஞ்சி ஓடத் தொடங்கிவிட்டது, மாப்பொருள் இன்னும் தீரவில்லை. நீலம் மங்கிச் செந்நிறமாகி மறைய இன்னும் நேரம் எடுக்கும். நீர்த்தது மாப்பொருள் குறைந்ததால் அல்ல, சங்கிலி குட்டையானதால் என்பதற்கு இதைவிட மலிவான சான்று எனக்குத் தெரியாது. சோதனைக்கு எடுத்த கஞ்சியைக் குடிக்கவேண்டாம்.

சட்டி ஆறும்போது நடப்பது வேறு கதை. கொதிநிலையில் பருக்கைகள் ஊதி, அமைலோசுச் சங்கிலிகள் வெளியே கசிந்து தண்ணீரில் ஊர்ந்துகொண்டிருந்தன. சூடு இறங்க இறங்க, பக்கத்தில் பக்கத்தில் வரும் சங்கிலிகள் இரண்டிரண்டாகப் பின்னிப் பிணைந்துகொள்கின்றன. ஊர்ந்து விடுபட வழியிருந்த சிக்கல்கள் அங்கங்கே முடிச்சாகிவிடுகின்றன. அஸருக்கும் மஹ்ரிபுக்கும் இடையிலான சில மணி நேரம் அதற்குப் போதும். அமைலோபெக்டினுக்கோ நாட்கள் தேவை. பழஞ்சோற்றைச் சூடாக்கினால் ஓரளவு மெதுமையாவது அமைலோபெக்டின் முடிச்சுகள் அறுபது பாகை செல்சியசு அளவிலேயே அவிழ்ந்துவிடுவதால். அமைலோசு முடிச்சு அவிழக் கொதிநீரின் சூடும் போதாது. அதனால்தான் சுடவைத்த கஞ்சி ஒருபோதும் முதல் கஞ்சி ஆவதில்லை.

"ஊர்கிறது, குழாய் என்கிறீர்களே, யார் பார்த்தது?" என்று கேட்பது நியாயம். முதலில் யாரும் பார்க்கவில்லை, அளந்து ஊகித்தார்கள். 1978இல் ஆய்வாளர் ஜேக்கப் கிளைன் உருகிய பொலித்தீனுக்குள் வெவ்வேறு நீளச் சங்கிலிகள் எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்று அளந்தார். நீளம் இரட்டித்தால் பரவல் நான்கில் ஒன்றாகக் குறைந்தது. ஊரும் சங்கிலிக்கு டி ஜென் சொன்ன கணக்கு அதுவேதான்.

கண்ணால் பார்த்தது 1994இல். ஸ்டான்போர்டில் தோமஸ் பெர்க்கின்ஸ், டக்ளஸ் ஸ்மித், ஸ்டீவன் சூ மூவரும் டி.என்.ஏ.யை எடுத்துக்கொண்டார்கள். அதுவும் பல்பகுதியம்தான், ஆனால் நுணுக்குக்காட்டியில் பார்க்கக்கூடிய அளவுக்கு நீளம். சாயம் போடாத டி.என்.ஏ. அடர்த்தியாகக் கரைந்த கரைசலுக்குள், ஒளிரும் சாயம் ஏற்றிய ஒற்றைச் சங்கிலியை விட்டார்கள். கரைசல் முழுக்கச் சங்கிலிகள். கண்ணுக்குத் தெரிவது ஒன்று மட்டும். அதன் ஒரு நுனியில் ஒரு மைக்குரோமீற்றர் அளவான மணியை ஒட்டி, அந்த மணியை லேசர் ஒளியால் பிடித்து வளைத்து வளைத்து இழுத்தார்கள். சங்கிலி குறுக்குவழி எடுக்கவில்லை. மணி எந்த வளைவில் போனதோ அந்த வளைவு வழியாகவே முழுச் சங்கிலியும் இழுபட்டு வந்தது. கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் இருபுறமும் நிற்பது அந்தப் படங்களில் தெரிந்தது. எட்வர்ட்ஸ் தாளில் வரைந்த குழாய் அது. சூவுக்கு மூன்று ஆண்டு கழித்து நோபல் கிடைத்தது, ஆனால் அணுக்களை லேசரால் குளிர்வித்ததற்காக.

இனிக் கூட்டத்திலிருந்து சுவரோரத்துக்கு, அதாவது சங்கிலி ஒரு மேற்பரப்பில் ஒட்டும் இடத்துக்குப் போவோம். கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் கைத்தறி நெசவு பேர்போனது. தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது கைத்தறியின் பழைய வழக்கம். போடாவிட்டால் நூலின் பிசிறுகள் எழும்பி, உரசலில் இழை அறுந்துகொண்டே இருக்கும். பருத்தி நூலும் குளுக்கோசுச் சங்கிலிதான். செலுலோசு என்ற வேறு கோப்பு. மாப்பொருள் அதன் மேற்பரப்பில் ஒட்டும்போது முழு உடம்பும் படுத்துவிடுவதில்லை. சில இடங்களில் நூலோடு ஒட்டிப் படுக்கும், சில இடங்களில் எழும்பி வளையமாக நிற்கும், நுனிகள் தண்ணீருக்குள் நீண்டு ஆடும்.

ஒவ்வொரு ஒட்டும் தனித்தனியே மிகப் பலவீனம். சாதாரண வெப்ப ஆட்டத்திலேயே கழன்றுவிடும். ஆனால் ஒரு சங்கிலிக்கு இப்படி நூறு ஒட்டு. ஒன்று கழன்ற கணத்தில் மற்றத் தொண்ணூற்றொன்பதும் பிடித்திருக்கின்றன. கழன்றதும் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. நூறும் ஒரே கணத்தில் கழன்றால்தான் சங்கிலி மேற்பரப்பை விட்டுப் போகமுடியும். அது நடக்கிற காரியமில்லை. குளுக்கோசுக் கரைசலில் நனைத்த நூலை ஒரு தரம் அலசினால் இனிப்புப் போய்விடும். மேற்பரப்பில் ஒட்டிய நீளச் சங்கிலியை வெறும் தண்ணீர் இலேசில் எடுக்காது. வியப்பு என்னவென்றால், தண்ணீர் கழற்ற முடியாத சங்கிலியை இன்னொரு சங்கிலி கழற்றும். கரைசலில் வேறு சங்கிலிகள் இருந்தால், ஓர் ஒட்டுக் கழன்ற இடத்தில் வந்தவன் உட்கார்ந்துகொள்வான்; இப்படி ஒவ்வோர் இடமாகப் பறிகொடுத்துப் பழையவன் வெளியேறுவான். சாயம் ஏற்றுமுன் கஞ்சியைப் போக்க ஆலைகள் செய்வது இன்னொரு வழி: அமைலேசு நொதியத்தில் ஊறவைத்துச் சங்கிலியை நறுக்கிவிடுகிறார்கள். நூறு ஒட்டு ஐந்தாறு ஒட்டாகிவிட்டால் தண்ணீரே போதும்.

ஒரு நுனி மட்டும் மேற்பரப்பில் ஊன்றி, மற்ற உடம்பு வெளியே நீண்டிருந்தால்? அத்தகைய சங்கிலிகள் நெருக்கமாக முளைத்த மேற்பரப்பைத் தூரிகை என்கிறார்கள் ஆய்வாளர்கள். அம்பாறை மாவட்டத்தின் எருமைத் தயிர் அதற்கு நல்ல சாட்சி. பாலில் புரதத்தின் பெரும்பகுதி கரைந்திருக்கவில்லை. 150 முதல் 200 நனோமீற்றர் அளவான உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டையின் மேலும் கப்பா-கேசீன் என்ற புரதத்தின் நுனிகள் மயிர்போல் வெளியே நிற்கின்றன. இரண்டு உருண்டைகள் நெருங்கினால் முதலில் இந்த மயிர்கள் முட்டும். நெரித்தால் அவை ஆடி வளைய இடம் குறையும். ஆடும் சுதந்திரத்தை இழக்காமல் இருக்கவே சங்கிலிகள் எப்போதும் முனைகின்றன. எந்திரப்பி என்று பாடநூல் சொல்வது இதைத்தான். ஆக, எந்த விசையும் தனியாக இல்லாமலே உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. பால் பாலாகவே இருக்கிறது.

உறை ஊற்றினால் பற்றீரியாக்கள் லற்றிக்கமிலத்தைச் சுரக்கின்றன. மயிர்கள் விறைத்து நிற்கக் காரணமான மின்னேற்றம் அமிலத்தில் அடங்கிப்போகிறது, தூரிகை படுத்துவிடுகிறது. தடுப்பு விழுந்ததும் உருண்டைகள் ஒட்டி ஒட்டி வலையாகி, சட்டியைச் சரித்தாலும் சிந்தாத தயிர் உருவாகிறது. சீஸ் செய்கிறவர்கள் அமிலத்துக்குக் காத்திராமல் ஒரு நொதியத்தால் மயிரை மழித்துவிடுகிறார்கள். அப்படி மழித்த கணத்தில் உருண்டையின் குறுக்களவு சில நனோமீற்றர் சுருங்குவதை ஒளிச்சிதறலால் அளந்திருக்கிறார்கள். மயிர் இருந்தது என்பதற்கு ஆதாரம் அந்தச் சுருக்கம். பழங்காலத்து மசியில் வேலம்பிசின் கலந்ததும் இதே வேலைக்குத்தான்: கரித்தூளின் மேல் பிசின் சங்கிலிகள் படிந்து, துகள்கள் அடியில் கட்டியாகாமல் காத்தன.

இந்தத் துறையில் இன்று பெரிதும் மதிக்கப்படும் பெயர்களில் ஒன்று தமிழ்ப் பெயர். முருகப்பன் முத்துக்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்று, எட்வர்ட்ஸோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சங்கிலி குழாய்க்குள் ஊர்கிறது என்ற கதை எல்லா நெரிசலுக்கும் பொருந்தாது என்று காட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு. ஜெல்லின் கண்ணறைகள் சுருளைவிட மிகச் சிறியவை என்றால் சங்கிலி ஊரும். பெரியவை என்றால் சுருளாகவே நுழைந்து போகும். நடுத்தர அளவானால் சங்கிலியின் ஒரு பகுதி ஓர் அறையிலும் இன்னொரு பகுதி வேறோர் அறையிலும் வசதியாகத் தங்கிவிடும். ஓர் அறையை விட்டு வெளியேற ஒடுங்கிய வாசலில் உடம்பை நெளிக்கவேண்டும். அந்த நேரம் ஆடும் சுதந்திரம் போகும். பல அறைகளில் ஒரே நேரத்தில் அப்படிச் சிக்கினால் சங்கிலி கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. மின்னேற்றமுள்ள ஜெல்லுக்குள் மின்னேற்றமுள்ள சங்கிலிகளை விட்டு, டி ஜியாவும் முத்துக்குமாரும் 2018இல் இந்த உறைந்த நிலையைக் காட்டினார்கள். சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தண்ணீர், எதிலும் ஒட்டவும் இல்லை, ஆனாலும் அசையவில்லை. கலத்துக்குள் டி.என்.ஏ. நகர்வதையும், மருந்தை ஜெல்லில் பொதிந்து மெல்ல மெல்ல விடுவதையும் பற்றி யோசிப்பவர்களுக்கு இது சாதாரணச் செய்தியல்ல.

நம் ஊருக்கு இதில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. பத்தலகொடையில் உருவான பீ.ஜீ. நெல்லினங்களும் அம்பலாந்தோட்டையில் உருவான ஏ.டீ. நெல்லினங்களும் நம் வட்டைகளில் விளைகின்றன. இலங்கை நெல்லினங்களில் பெரும்பாலானவை அமைலோசு கூடியவை. நூற்றுக்கு இருபத்தைந்து பங்குக்கு மேல். சோறு ஒட்டாமல் உதிரியாக வருவதும், ஆறினால் விறைப்பதும் இதனால்தான். ஆனால் அமைலோசின் அளவு ஒன்றாக இருந்தும் அதன் சங்கிலி நீளம் வேறானால் கஞ்சி வேறு மாதிரி நடக்கும் என்பதை மேலே பார்த்தோம். நூற்று வீதத்தை மட்டும் எழுதும் அட்டவணையில் அது தெரியாது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. நாலைந்து இனத்து அரிசியை ஒரே அளவு தண்ணீரில் காய்ச்சி, ஆற ஆற மணிக்கொரு தடவை பிசுக்குமை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். அடியில் துளையிட்ட பால்பேணியும் கைக்கடிகாரமும் இருந்தால் உயர்தர மாணவர்களே தொடங்கலாம். ஆசிரியர்கள் யாராவது இந்தப் பெரும்போக அறுவடை வந்ததும் இதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கவேண்டும்.